இமையில் வைத்துப் பார்த்த சூடு

எங்கள் ஊரில் குழந்தைக்கு உடம்பு சுட்டால் முதலில் டாக்டரிடம் போகமாட்டார்கள். என் தம்பி ஷெஹாத்தாவிடம் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவன் வைத்தியனும் இல்லை, மந்திரவாதியும் இல்லை. முட்டைச் சூளைக்காரன். களிமண் செங்கலில் கட்டிய சூளையில் வறட்டித் தீ வைத்து, தாய்க்கோழியே இல்லாமல் ஆயிரக்கணக்கில் குஞ்சு பொரிக்க வைப்பது எங்கள் குடும்பத் தொழில். சூடு பார்க்க அங்கே கருவி எதுவும் கிடையாது. அறைக்குள் தவழ்ந்து போய், ஒரு முட்டையை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இமையின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். முட்டை அதிகம் சுட்டால் கூரையில் இருக்கும் புகைத்துளையைத் திறந்து விடுவான். குளிர்ந்தால் தீயைக் கூட்டுவான். அவ்வளவுதான் வித்தை.

ஒரு வருஷம் விவசாயக் கல்லூரியிலிருந்து ஒரு பெண் வந்து, அவன் இமையில் வைத்த ஒவ்வொரு முட்டையிலும் தன் கருவியை வைத்துப் பார்த்தாள். அவன் சொன்னதும் கருவி சொன்னதும் ஒன்றாகவே இருந்தது. அந்தப் பெண் கைதட்டிச் சிரித்தாள். அன்றிலிருந்து தம்பிக்குத் தலை கால் புரியவில்லை. "உங்க சூளை எந்தக் காலத்துது?" என்று யாராவது கேட்டால், "அந்தக் காலத்து ராஜா ஃபிர்அவ்னே எங்ககிட்டதான் முட்டை குடுத்தான். குஞ்சு வாங்க வர்றதுக்குள்ள கடல்ல முழுகிட்டான், நாங்க என்ன பண்றது?" என்பான்.

குழந்தைகளையும் அப்படித்தான் பார்ப்பான். மூடிய கண்ணை அதன் நெற்றியில் பதித்து, மூச்சை அடக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பான். "இதுக்குக் காய்ச்சலும் இல்ல கீய்ச்சலும் இல்ல. பள்ளிக்கூடம் போகச் சோம்பல். ரெண்டு போடு" என்பான் சிலரிடம். இன்னும் சிலரிடம், "ஏன் நிக்கிற? இப்பவே தந்தா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு" என்று கத்துவான். ஓடியவர்கள் திரும்பி வந்து அவன் தோளில் முத்தமிடுவார்கள். ஊர் அவனை நம்பியது சும்மா இல்லை.

நான் இன்சாஃப், அவனுக்கு அக்கா. முதல் புருஷன் செத்தான், இரண்டாமவன் என் வாய்க்குப் பயந்து குவைத்துக்கு ஓடினான் என்று ஊரில் சொல்வார்கள். பாதி உண்மை. சந்து தாண்டினால் தம்பி வீடு. அவன் மனைவி ஸனிய்யா என்னிடம் திட்டு வாங்கியே பத்து வருஷம் குடும்பம் நடத்தியவள். வெகுநாள் காத்திருந்து பிறந்த ஒரே பெண் ரவான். ஆறு வயது. முன்பல் இரண்டும் விழுந்து, சிரித்தால் வாய் ஜன்னல் போலத் திறந்திருக்கும்.

பறவைக் காய்ச்சல் வந்த குளிர்காலம் அது. வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்ட ஆட்கள் சாக்குகளோடு ஊருக்குள் வந்து, மொட்டைமாடிகளில் இருந்த கோழி, வாத்து, புறா எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்க் கொன்றார்கள். பெண்கள் விடுவார்களா? கட்டிலுக்கு அடியில், அலமாரியில், ரொட்டி அடுப்புக்குள் என்று ஒளித்தார்கள். பக்கத்து வீட்டு உம் ஃபத்ஹி, அறுபது வயதுக்காரி, வான்கோழியைப் போர்வைக்குள் அணைத்துப் படுத்துக்கொண்டு பிரசவ வலி வந்தவள் போல முனகினாள். வந்தவன் சின்னப் பையன், பயந்து வெளியே ஓடிவிட்டான். அப்படித் தப்பியவை கொஞ்சம்தான். அவை இட்ட முட்டைகளை முக்காட்டுக்குள் மறைத்துக் கொண்டுவந்து தம்பியிடம் கொடுத்தார்கள். இந்தச் சூளை நல்லபடியாகப் பொரித்தால்தான் ஊரில் மறுபடி கோழி கூவும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ஸனிய்யாவும் மாடிப்படிக்கு அடியில் வாத்துகளை ஒளித்திருந்தாள். அதில் ஒன்று கழுத்தைச் சாய்த்துத் தள்ளாட ஆரம்பித்தது. நோய்கண்ட பறவை தானாகச் சாவதற்குள் கத்தி வைத்துவிடுவது எங்கள் வழக்கம். செத்துவிட்டால் அது பிணம், வாயில் வைக்க முடியாது. தம்பி அறுத்தான். ரவான் கால்களைப் பிடித்துக்கொண்டாள். இறகு மூக்கில் ஏறித் தும்மித் தும்மிச் சிரித்தாளாம். இதெல்லாம் எனக்குப் பிறகு சொன்னார்கள். நான் அப்போது என் மகளின் பிரசவத்துக்காக மஹல்லா நகரத்தில் இருந்தேன்.

வியாழக்கிழமை மதியம் திரும்பினேன். மைக்ரோபஸ் வாய்க்கால் கரையில் இறக்கிவிட்டது. வீட்டுக்குப் போகும் வழியில்தான் சூளை. வாசலில் எங்கள் சித்தப்பா மகன் ஸக்லூல் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். சூளையில் தீப்போடுகிறவன் அவன். என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தான்.

"அக்கா, நல்ல வேளை வந்தீங்க. அண்ணனுக்கு என்னமோ ஆயிடுச்சு. முட்டை சுடுது, சுடுதுன்னு தலைதலையா அடிச்சுக்கறேன். 'உன் கண்ணு எருமைக் கண்ணு, வாயை மூடிட்டு வறட்டியைப் போடு'ங்கறாரு."

"அவன் சொன்னா போட வேண்டியதுதானே? நீ என்னைக்குச் சூடு பாத்த?"

"போட்டுக்கிட்டேதான் இருக்கேன். எனக்கே பயமா இருக்கு. நீங்க ஒரு தடவ உள்ள வந்து பாருங்க."

குனிந்து உள்ளே போனேன். நடுவில் இருந்த இடைவழியிலேயே மூச்சு முட்டியது. தம்பி ஒரு அறையின் துவாரத்திலிருந்து தலையை மட்டும் நீட்டினான். கண்கள் சிவந்து, உதடு வெடித்திருந்தது.

"அக்கா! பேரனா பேத்தியா?"

"பேத்தி. நீ வெளிய வா."

"எங்க வர்றது? முட்டையெல்லாம் பச்சத்தண்ணி மாதிரி கெடக்கு. இந்தக் கழுதை தீயே போட மாட்டேங்குது."

அருகில் இருந்த முட்டையை எடுத்து என் இமையில் வைத்தேன். நானும் சூளைக்காரன் மகள்தான். அந்தச் சூடு முட்டைக்கு இருக்கக் கூடாத சூடு.

"இதுவா பச்சத்தண்ணி?" என்று அவனிடம் நீட்டினேன்.

அவன் வாங்கிக் கண்ணில் வைத்தான். "ஐஸு மாதிரி இருக்கு. மஹல்லாக்காரிக்கு மறந்து போச்சு போல" என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு இருமலாக மாறி நிற்கவே இல்லை. முட்டையைத் திரும்ப வாங்கும்போது அவன் விரல் என் விரலில் பட்டது. மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தேன். அடுப்பில் கிடந்த இரும்பு மாதிரி கொதித்தது. இடைவழிக்கு இழுத்தேன். எழுந்து நின்றவன் அப்படியே சுவரில் சரிந்தான். அன்று சூளையில் நடந்த எதுவும் பிறகு அவனுக்கு நினைவில் இல்லை.

ஸக்லூலும் நானும் அவனை வெளியே கொண்டுவந்து போட்டோம். நான் ஒரு முட்டையை வாசற்படியில் உடைத்தேன். உள்ளே உரு கொண்டிருந்த உயிர் காய்ந்து, ஒரு ரத்த வளையமாக ஓட்டில் ஒட்டியிருந்தது. ஸக்லூல் வேறு வேறு அறைகளிலிருந்து எடுத்துவந்து உடைத்தான். எல்லாம் அப்படித்தான். காய்ச்சலில் கிடக்கிற இமைக்கு நல்ல சூட்டில் இருக்கிற முட்டை குளிராகத்தானே தெரியும். அவன் தன் உடம்புக்குச் சமமாகச் சூளையைக் கொதிக்க வைத்திருக்கிறான்.

"போச்சு, ஊர் முட்டையெல்லாம் போச்சு" என்று புலம்பிய ஸக்லூல் திடீரென்று நிறுத்தினான். என் முகத்தைப் பார்த்தான். "அக்கா, ரவானையும் அண்ணன்தான் பாத்தாரு."

"என்னத்தப் பாத்தான்?"

"புள்ள செவ்வாக்கிழமலேர்ந்து சோர்ந்து கெடக்கு. அண்ணி சுடுதுன்னாங்க. இவரு போயி நெத்தியில கண்ண வெச்சுப் பாத்துட்டு, ஒண்ணுமில்ல, குளுந்துதான் இருக்குன்னாரு. நேத்தும் பாத்தாரு. நேத்தும் அதையேதான் சொன்னாரு."

நான் ஓடினேன். என் வயதுக்கும் உடம்புக்கும் அது ஓட்டமா என்று தெரியாது, செருப்பு ஒன்று வழியில் கழன்று போனது. ஸனிய்யா குழந்தையை மடியில் போட்டு எலுமிச்சைச் சாறு புகட்டிக்கொண்டிருந்தாள். சாறு கடைவாயில் வழிந்தது. ரவானின் மூச்சு நாய்க்குட்டி இளைப்பது போல இருந்தது. நெற்றியைத் தொட்டேன். தொட்ட கையை எடுத்துவிட்டேன், அவ்வளவு சூடு. உதடு நீலம் பாரித்திருந்தது.

"ஏன்டி, கொதிக்குதே! இத மடியில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கியே!"

"என் கைக்குச் சுட்டுச்சு அக்கா. அவர் கண்ணுக்குச் சுடல" என்றாள் ஸனிய்யா. "நான் என் கையத்தான் சந்தேகப்பட்டேன்."

திட்ட வந்ததை விழுங்கிக்கொண்டு பிள்ளையைத் தூக்கினேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடப்பதில்லை.

ஒரே மைக்ரோபஸ்ஸில் இரண்டு பேரையும் தந்தாவுக்குக் கொண்டுபோனோம். காய்ச்சல் ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டாக்டர் ஓடி வந்து முதலில் கேட்டது, "வீட்டுல கோழி, வாத்து ஏதாவது இருக்கா?" என்றுதான். ஸனிய்யா இல்லை என்று தலையாட்டினாள். ஸக்லூலும் இல்லை என்றான். கூட வந்த உம் ஃபத்ஹி, "அல்லாஹ் மேல ஆணையா, எங்க ஊர்ல ஒரு இறகுகூடக் கெடயாது" என்றாள். சாக்குக்காரர்கள் மேல் இருந்த பயம் அது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது.

"பொய்! எல்லாம் பொய்!" என்று கத்தினேன். "இவன் முட்டைச் சூளைக்காரன். வாத்து சீக்கு வந்து சாகக் கெடந்துச்சு, இவன் அறுத்தான், புள்ள காலைப் புடிச்சுது. எழுதிக்கோ. எங்க ஊரையே கொளுத்து, ஆனா மருந்தக் குடு."

மருந்து கொடுத்தார்கள். தம்பிக்கும் கொடுத்தார்கள், குழந்தைக்கும் கொடுத்தார்கள். "முன்னாடியே வந்திருக்கணும்மா" என்று அந்த டாக்டர் சொன்னபோது அவர் குரலில் கோபம் இல்லை, அதனால்தான் எனக்கு அது இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து ஜனங்கள் தெருவில் கலைந்து போகிற நேரத்தில் ரவான் போய்விட்டாள். தம்பி பக்கத்து வார்டில் மூக்கில் குழாயோடு, யார் என்ன என்று தெரியாமல் கிடந்தான்.

அவன் பிழைத்தான். மூன்று வாரம் கழித்துக் கண்ணைத் திறந்து பேச ஆரம்பித்ததும் முதலில் மகளைக் கேட்டான். அதை எப்படிச் சொன்னேன் என்று எழுதமாட்டேன். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். மறுநாள் சாயங்காலம், திரும்பாமலே கேட்டான்.

"அக்கா, சூளை?"

எனக்கு அந்தக் கேள்வி எங்கே போய் நிற்கும் என்று தெரிந்தது. சூளை கெட்டது என்றால் அவன் கண் கெட்டது. அவன் கண் கெட்டது என்றால் அவன் மகளின் நெற்றியில் என்ன நடந்தது என்று அவனே கணக்குப் போட்டுவிடுவான். அவனைவிடச் சூடு தெரிந்தவன் யார்?

"பொரிஞ்சுடுச்சு" என்றேன். "நல்லாப் பொரிஞ்சுது. எல்லாரும் வாங்கிட்டுப் போயிட்டாங்க."

அவன் பெருமூச்சு விட்டான். நான் ஊருக்கு வந்து வீடு வீடாக ஏறி இறங்கினேன். வாய் திறந்தால் நாக்கை அறுப்பேன் என்றேன். அப்படி மிரட்ட வேண்டிய தேவையே இருக்கவில்லை. கடைசி முட்டையையும் தோற்றுவிட்டு நின்ற அந்தப் பெண்கள், தம்பி வீடு திரும்பியதும் ஒவ்வொருத்தியாக வந்து இல்லாத குஞ்சுக்கு நன்றி சொன்னார்கள். உம் ஃபத்ஹி, ஒரு வெங்காயம் கடன் கொடுத்தால் அதன் தோலையும் திருப்பிக் கேட்பவள், எல்லோரையும் மிஞ்சினாள். "என் குஞ்சுங்க ரெட்டை நாடி, ஷெஹாத்தா. தவிடு போட்டு மாளல. உன் கண்ணுக்குச் சுத்திப் போடணும்" என்று சொல்லிவிட்டுச் சந்துக்கு வந்து முக்காட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். அவளை நான் அதற்குப் பிறகு கருமி என்று சொல்வதில்லை.

ஆனால் ஒரு பொய் தனியாக நிற்காது. அது எங்கேயாவது சாய வேண்டும். எங்கள் பொய் ஸனிய்யாவின் மேல் சாய்ந்தது.

தம்பி படுக்கையில் கிடந்து யோசித்தான். செவ்வாய் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. புதன் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. என் கண் சரியாகத்தான் இருந்தது, சூளை அதற்குச் சாட்சி. அப்படியானால் காய்ச்சல் வியாழக்கிழமைதான் வந்திருக்கிறது. நான் சூளையில் விழுந்த அன்றைக்கு. அன்று காலையிலிருந்து மதியம் வரை பிள்ளை கொதித்துக்கொண்டிருக்க, தாய்க்காரி எலுமிச்சை பிழிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முதலில் அவள் கையால் ரொட்டி வாங்குவதை நிறுத்தினான். பிறகு அவள் பெயரைச் சொல்வதை நிறுத்தினான். அவள் கொண்டுபோய் வைத்த தட்டு ஈ மொய்த்துத் திரும்பி வந்தது.

ரொட்டி அடுப்பின் முன்னால் அவளைப் பிடித்து நிறுத்தினேன். "நான் சொல்லிடறேன் அவன்கிட்ட."

"வேணாம் அக்கா" என்றாள். மாவுக் கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னை வையறதுல அவருக்கு ஒரு புடிமானம் இருக்கு. அதையும் உருவிட்டா அவர் எதப் புடிச்சுக்கிட்டு நிப்பாரு? நான் தாங்கிக்கறேன். எனக்குப் பழகிடுச்சு."

"பத்து வருஷம் நான் திட்டினத வெச்சுச் சொல்றியா?"

"நீங்க திட்டினா சோறு போட்டுட்டுத் திட்டுவீங்க" என்றாள். ரவான் போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் சிரிக்கவில்லை, அப்போதும் சிரிக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டேன்.

நாற்பதாம் நாள் வந்தது. வீட்டு முன்னால் துணிப்பந்தல் போட்டு ஓதினார்கள். சர்க்கரையில்லாத காப்பி சுற்றி வந்தது. ஆண்கள் கலைந்த பிறகு உள்ளே கறுப்பு உடையில் பெண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தோம். தம்பி கம்பை ஊன்றிக்கொண்டு கதவில் வந்து நின்றான். பாதி உடம்புதான் திரும்பி வந்திருந்தது. எல்லோர் முன்னாலும், ஸனிய்யாவைப் பார்க்காமல், என்னிடம் சொன்னான்.

"அக்கா, இவள அவ அப்பன் வீட்டுக்கு அனுப்பிடு. நாற்பது நாள் முடியட்டும்னு பாத்தேன். மகளச் சாகவிட்டவ மூஞ்சில என்னால முழிக்க முடியாது."

ஸனிய்யா எழுந்தாள். உள்ளறைக்குப் போய்த் துணிகளை ஒரு துண்டில் முடிந்துகொண்டு வந்தாள். என்னைக் கடக்கும்போது வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். அவள் கதவை நெருங்கியதும் தம்பி வழிவிட்டு ஒதுங்கி நின்றான், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது போல.

அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. அவன் என் தம்பி, என் இடுப்பில் வளர்ந்தவன். அவனை எனக்குப் பிடிக்கும் அளவுக்கு உலகத்தில் எதையும் பிடிக்காது. ஆனாலும் பொறுக்கவில்லை.

"ஷெஹாத்தா" என்றேன். "சூளை பொரியல."

அவன் புரியாமல் பார்த்தான்.

"முட்டையெல்லாம் சூட்டுல செத்துப் போச்சு. நான் வந்து உடைச்சுப் பாத்தேன். உனக்கு அன்னிக்கு முன்னாடியே காய்ச்சல். இவங்க யாருக்கும் ஒரு குஞ்சு கெடைக்கல. நான்தான் எல்லாரையும் பொய் சொல்ல வெச்சேன்."

அவன் பெண்களை ஒவ்வொருத்தியாகப் பார்த்தான். யாராவது இல்லை என்று சொல்லிவிடுவார்களா என்று தேடினான். உம் ஃபத்ஹி தலையைக் குனிந்துகொண்டாள். வெளியே பந்தல் பிரிக்கும் ஆட்கள் கழிகளைக் கீழே போடும் சத்தம் கேட்டது.

கடைசியில் சூளைக்காரன் குரலில், தொழில் விஷயம் விசாரிப்பது போலக் கேட்டான்.

"வாசலோரத்துல இருந்ததுமா?"

வாசலோரத்து முட்டைகளுக்குத்தான் காற்றுப் படும். சூளையில் சூடு கொஞ்சம் தவறினால் மற்றவை செத்தாலும் அவை பிழைக்கும். அவையும் செத்திருந்தால், பார்த்தவன் கண் கொஞ்ச நஞ்சம் தவறவில்லை என்று அர்த்தம். அவனுக்கு எவ்வளவு காய்ச்சல் இருந்தது, அந்தக் காய்ச்சலுக்குக் குளிர்ந்து தெரிந்த நெற்றி எப்படிக் கொதித்திருக்கும், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பதில் போதும்.

"வாசலோரத்துல இருந்ததும்தான்" என்றேன்.

அவன் கம்பு கீழே விழுந்தது. அவனும் விழுந்தான். சாவு வீட்டில் எத்தனையோ அழுகை கேட்டிருக்கிறேன், அப்படி ஒன்றைக் கேட்டதில்லை. ஸனிய்யா மூட்டையைப் போட்டுவிட்டு ஓடிப்போய் அவன் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவன் அவள் கையைத் தட்டித் தட்டிவிட்டான். அவள் விடவில்லை. அவன் முகத்தைத் தன் கறுப்பு முக்காட்டால் மூடிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னைக் காப்பாத்துங்கன்னு நான் கேட்டேனா அக்கா?" என்றாள்.

அவள் கேட்கவில்லைதான்.